அப்பாவை ஷாத்தோ கயார் கூட்டிட்டுப் போறேன், வெறும் இடிஞ்ச சுவரா தெரியாம இருக்க எப்படிப் பாக்கணும்?

சாரல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாரிஸ் பக்கத்துல இருக்கோம், அடுத்த மாசம் செப்டம்பர்ல அப்பா அம்மா வர்றாங்க, ரெண்டு மாசம் இருப்பாங்க. அப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், வரலாறுன்னா அவருக்கு உயிர். ஈஃபில் டவர், லூவ்ர், வெர்சாய் எல்லாம் போன தடவையே பாத்தாச்சு, இந்தத் தடவை போன்லயே சொல்லிட்டாரு, அரண்மனை வேணாம்மா, சண்டை நடந்த கோட்டையா ஒண்ணு காட்டுன்னு.

போன வருஷம் நானும் என் பையனும் ஒரு கோட்டைக்குப் போனோம், எதுன்னு சொல்லல, அந்த இடத்து மேல தப்பில்ல. ஒரு மணி நேரம் சுத்தினோம், போட்டோ எடுத்தோம், போர்டு எல்லாம் பிரெஞ்சுல இருந்துச்சு, நான் பாதி படிச்சேன் பாதி விட்டேன், எது சமையல்கட்டு எது காவல் கோபுரம்னு ஒண்ணும் பிடிபடல. திரும்பி வர்றப்ப கார்ல பையன் கேட்டான், "இங்க யாரு யாரோட சண்டை போட்டாங்க?" அவனுக்கு 9 வயசு. என்கிட்ட பதில் இல்ல. அது இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு.

ஆபீஸ்ல ஒருத்தர் ஷாத்தோ கயார் போங்க, நார்மண்டில சென் ஆத்துக்கு மேல மலை உச்சில இருக்குன்னு சொன்னாரு. போட்டோல பாத்தா பெரும்பாலும் இடிஞ்ச சுவர்தான் நிக்குது. போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அங்க போய் என்ன பாக்கணும், எந்தப் பக்கமா நடக்கணும், முன்னாடியே என்ன தெரிஞ்சு வெச்சுக்கணும்? அப்பாவுக்கு 71 வயசு, நல்லா நடப்பாரு, அம்மாவுக்குத்தான் முட்டிவலி.

மதிலோரம் எழுதினது:

சாரல், நான் மூணு தடவை போயிருக்கேன், மூணாவது தடவைதான் அந்த இடம் எனக்குப் புரிஞ்சது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஒரே ஒரு விஷயம் செஞ்சா போதும். உள்ள நுழைஞ்சு பாக்க ஆரம்பிக்காதீங்க. அதை முற்றுகை போட்டவன் எந்தப் பக்கத்துல நின்னானோ அங்கேருந்து ஆரம்பிச்சு, அவன் உள்ள வந்த வழியிலயே நடங்க. வேற எந்தக் கோட்டைலயும் இது இவ்வளவு சுலபமா வராது, ஏன்னா இங்க மூணு பக்கமும் செங்குத்தான சரிவு, தென்கிழக்குப் பக்கம் மட்டும்தான் மேட்டு நிலத்தோட ஒட்டி இருக்கு, முற்றுகை போட்ட பிரெஞ்சு ராஜா ஃபிலிப்போட படை வந்தது அந்தப் பக்கம்தான். மேல கார் நிறுத்துற இடமும் அங்கதான் இருக்கு. இறங்கின உடனே கீழ கோட்டை, அதுக்குக் கீழ ஆறு வளைஞ்சு போறது எல்லாம் ஒரே பார்வைல தெரியும். அங்க ஒரு கால்மணி நேரம் அப்பாவை நிக்க வெச்சு கதையைச் சொல்லுங்க, அப்புறம் இறங்கலாம்.

கதை இதுதான். அந்தக் காலத்துல நார்மண்டி இங்கிலாந்து ராஜா கையில இருந்துச்சு. சிங்கநெஞ்சன்னு பேரெடுத்த ரிச்சர்ட் சிலுவைப் போருக்குப் போயிட்டு திரும்பி வர்ற வழியில ஆஸ்திரியாவுல மாட்டிக்கிட்டாரு, 1194 வரைக்கும் சிறை. அந்த நேரம் பாத்து பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஃபிலிப் எல்லைல இருந்த ஜிசோர் கோட்டையை எடுத்துக்கிட்டாரு. ஜிசோர் போனா நார்மண்டியோட தலைநகர் ரூவானுக்கு வழி திறந்த மாதிரி, ரூவான் போனா நார்மண்டியே போன மாதிரி. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ரிச்சர்ட் லெஸாந்தெலிங்கற ஊருக்கு (அப்ப ஆந்தெலி) மேல இருக்கற இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தாரு. 1196 ஜனவரில ரெண்டு பேரும் போட்ட ஒப்பந்தத்துல ஆந்தெலில யாரும் கோட்டை கட்டக் கூடாதுன்னு இருந்துச்சு. அதே வருஷம் கட்ட ஆரம்பிச்சுட்டாரு. அந்த நிலமோ ரூவான் ஆர்ச்பிஷப்புக்குச் சொந்தம், அவர் கோபத்துல நார்மண்டி முழுக்க கோயில் சடங்கையே நிறுத்திட்டாரு, செத்தவங்களைப் புதைக்கக் கூட முடியாம உடல்கள் தெருவுல கிடந்ததா அந்தக் காலத்து ஆளுங்களே எழுதி வெச்சிருக்காங்க. கடைசில போப் வரைக்கும் போய், தியெப் துறைமுகத்தையும் வேற சில நிலங்களையும் ஆர்ச்பிஷப்புக்குக் கொடுத்து சமாதானம் ஆச்சு.

இத்தனை தகராறுக்கு நடுவுலயும் ரெண்டே வருஷத்துல, 1198ல கோட்டை முடிஞ்சிடுச்சு. செலவு சுமார் 12,000 பவுண்டு. ரிச்சர்டோட அப்பா இரண்டாம் ஹென்றி இங்கிலாந்துல டோவர் கோட்டைக்குப் பத்து வருஷம் போல செலவு பண்ணினதே 7,000 பவுண்டு கிட்டதான், அப்ப பாத்துக்குங்க இது எவ்வளவு அவசரம், எவ்வளவு பணம்னு. சுவர் இரும்பா இருந்தாலும் பிடிச்சுடுவேன்னு ஃபிலிப் சொன்னதாவும், வெண்ணெயா இருந்தாலும் காப்பாத்துவேன்னு ரிச்சர்ட் சொன்னதாவும் ஒரு கதை உண்டு. ஆனா காப்பாத்த அவர் இல்ல. 1199 ஏப்ரல்ல தெற்கே ஷாலுஸ்ங்கற சின்னக் கோட்டை முன்னாடி வில்லம்பு பட்டு செத்துட்டாரு. தம்பி ஜான் ராஜாவானாரு.

1203 ஆகஸ்ட் செப்டம்பர் வாக்குல முற்றுகை தொடங்குச்சு. உள்ள ரோஜர் டி லேசின்னு ஒரு தளபதி, பிடிவாதக்காரர். ஜான் ராத்திரில ஆத்து வழியா ஒரு படை, தரை வழியா ஒரு படைன்னு அனுப்பிப் பாத்தாரு, ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சேரல, ஆத்துப் படகுங்க நீரோட்டத்தோட மல்லுக்கட்டி தாமதமாயிடுச்சு, தனித்தனியா அடி வாங்கித் திரும்பினாங்க. அதுக்கப்புறம் உதவி வரவே இல்ல.

இப்ப நடங்க. முதல்ல வர்றது முக்கோணமா இருக்கற முன்கோட்டை, அதோட கூர்முனை உங்களைப் பாத்து இருக்கும். முனைல ஒரு பெரிய கோபுரம் பாதி நிக்கும் பாருங்க, அதோட அடில குடைஞ்சுதான் சாய்ச்சாங்க. எப்படின்னா, அஸ்திவாரத்துக்குக் கீழ தோண்டிக்கிட்டே மரக்கட்டையால முட்டுக் கொடுப்பாங்க, போதுமான அளவு தோண்டினதும் கட்டைக்கு நெருப்பு வெச்சுட்டு ஓடி வந்துடுவாங்க, முட்டு எரிஞ்சதும் மேல இருக்கற சுவர் தானா உக்காரும். அகழிலேருந்து கோபுரத்து அடிக்கு ஏற ஏணி எட்டலைன்னு வீரங்க கத்தியை சுண்ணாம்புப் பாறைல குத்தி குத்தி ஏறினாங்களாம். அங்க போனதும் பையனை அந்தப் பாறையைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, நகத்தால கீறினாலே வெள்ளையா உதிரும், கதை உடனே நம்பற மாதிரி ஆயிடும்.

அடுத்தது நடுக்கோட்டை. இங்க ஜான் பின்னாடி கட்டின ஒரு கட்டடம் இருந்துச்சு, சேப்பல் அதுலதான். அதோட ஒரு ஜன்னல் வெளிப்பக்கம் காவலில்லாம இருந்துச்சு, நாலஞ்சு பேர் அது வழியா உள்ள ஏறி பெருசா சத்தம் போட்டாங்க, உள்ள இருந்தவங்க பெரிய படையே வந்துடுச்சுன்னு நினைச்சு கட்டடத்துக்குத் தீ வெச்சாங்க, தீ இவங்க பக்கமே திரும்பிடுச்சு, எல்லாரும் உள்கோட்டைக்கு ஓடினாங்க. ரிச்சர்ட் கணக்கு போட்டுக் கட்டின இடத்துல அப்புறமா சேத்த ஒரு ஜன்னல்.

கடைசி உள்கோட்டை. அதுக்குப் போற பாலம் மரத்துல இல்ல, பாறையையே பாலமா விட்டு வெட்டியிருக்காங்க. எதிரி வந்தா மரப் பாலத்தை எரிக்கலாம், இதை என்ன பண்ண முடியும்? சுவரைக் குடையறவங்களுக்கு அந்தப் பாறைப் பாலமே கூரை மாதிரி ஆயிடுச்சு, மேலேருந்து கல் போட்டாலும் படல. 1204 மார்ச் 6, சுவர் விழுந்துச்சு. உள்ள மிச்சம் இருந்தவங்க சுமார் 150 பேர்தான். ஜூன் மாசம் ரூவானும் சரணடைஞ்சது, நார்மண்டி பிரான்சோட சேந்தது.

பையன் கேட்ட கேள்விக்கு இங்க பதில் ஒவ்வொரு இருபது அடிக்கும் கிடைக்கும்.

வடலி எழுதினது:

மதிலோரம் அண்ணை வடிவா எழுதியிருக்கிறார். ஆனா ஒண்டை விட்டிட்டார், எனக்கு அந்த இடத்தில அதுதான் பெரிசு.

முற்றுகை தொடங்கேக்க கீழ பெத்தி ஆந்தெலி எண்ட ஊரில இருந்த சனம் பயந்து கோட்டைக்குள்ள ஓடினது, ஆயிரத்துக்கு மேல. சாப்பாடு காணாது எண்டு விளங்கினவுடனே தளபதி அவையை வெளியில அனுப்பத் தொடங்கினார். முதல் வந்த ஐநூறு பேரைப் பிரெஞ்சுக்காரர் விட்டவை, அடுத்த ஐநூறையும் விட்டவை. பிறகு ஃபிலிப் விட வேண்டாம் எண்டு உத்தரவு போட்டிட்டார், உள்ளுக்க ஆக்கள் கூட இருந்தா சாப்பாடு கெதியில முடியும் எண்டு. கடைசியா வந்த நானூறு பேருக்கு மேல, கிழவன் கிழவி பிள்ளையள் எல்லாம், முன்னுக்கும் போகேலாது, திரும்பிப் போனா கோட்டைக் கதவும் பூட்டு. மாரிகாலம். ரெண்டு பக்கத்துக்கும் நடுவில அந்தச் சரிவில கிடந்தவை, புல்லும் நாயும் திண்டு. கன பேர் செத்துப்போச்சினம். பிறகு ஃபிலிப் நேர வந்து பாத்திட்டு விடச் சொல்லி சாப்பாடும் குடுக்க வைச்சவர், பட்டினி கிடந்து கிடந்து திடீரெண்டு சாப்பிட்டதால அதிலயும் கொஞ்சப் பேர் செத்தவை. இதை எழுதி வைச்சது ஃபிலிப்பின்ர பக்கத்திலேயே இருந்த பாதிரியார் கியோம் லெ ப்ரெத்தோன், அவர் ராசாவின்ர ஆள், அவரே மறைக்கேல்ல.

கோட்டைக்குள்ள நிண்டு பாக்கிறதை விட, கீழ ஊரில இருந்து மேல ஏறுற அந்தப் பாதையில ஒருக்கா நிண்டு பாருங்கோ. நாங்கள் போனது நவம்பர், சரியான காத்து. என்ர அம்மா அந்த இடத்தில இருந்து கனநேரம் எழும்பேல்ல, நானும் ஒண்டும் கேக்கேல்ல. இதுக்கு மேல நான் எழுதத் தேவையில்லை, இஞ்ச கன பேருக்கு விளங்கும்.

போற வழியைப் பற்றி: லெஸாந்தெலிக்கு ரயில் இல்லை. பாரிஸ் சேன் லசார் ஸ்டேஷன்ல இருந்து ரூவான் போற லைன்ல கயோன்-ஒபெவோய் எண்டு ஒரு ஸ்டேஷன், அங்க இறங்கி டாக்ஸி பிடிக்கோணும், ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி கிடைக்கிறது கஷ்டம், முதலே புக் பண்ணுங்கோ. கார் இருந்தா கார்தான் நல்லம். வெளிப்பக்கம் எப்பவும் சும்மா நடக்கலாம், காசில்லை. உள்கோட்டை, அந்தத் தோஞ்சோன், அதாவது பெரிய கோபுரம் இருக்கிற பக்கம் மட்டும் டிக்கெட், அது மாரியில பூட்டு, நவம்பர் நடுப்பகுதியோட முடிஞ்சிடும். நீங்கள் செப்டம்பர் எண்டபடியா பிரச்சினை இல்லை, ஆனா எந்தக் கிழமை பூட்டு எண்டு ஊர் டூரிஸ்ட் ஆபீஸ்ல ஒருக்கா கேட்டிட்டுப் போங்கோ. அம்மாவுக்கு முட்டி நோ எண்டா கீழ இருந்து ஏற வைக்காதேங்கோ, மேல கார் பார்க்கில விட்டா அங்க இருந்தே முழுக்கத் தெரியும், கீழ இறங்குற பாதை சறுக்கும்.

சாரல்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. வடலி, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் டைப் பண்ண முடியல. அப்பாகிட்ட இதைச் சொல்லாம இருக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம். யாரோ டாய்லெட் குழாய் வழியா ஏறி உள்ள போனாங்கன்னு ஒரு வீடியோல பாத்தேன், மதிலோரம் ஜன்னல்னு எழுதியிருக்கீங்க, எது சரி? அப்புறம் அம்மா அன்னைக்கு மேலயே உக்காந்துட்டா அவங்களுக்குன்னு தனியா ஒரு கோட்டை காட்டணும், கிட்டத்துல படி குறைவா ஏதாவது இருக்கா?

கல்லுளி எழுதினது:

நான் கட்டட வேலைல இருக்கறவன், அதனால என் கண்ணுக்குப் பட்டது மட்டும் சொல்றேன்.

டாய்லெட் கதை ரொம்ப பிரபலம், ஆனா கியோம் எழுதினதுல ஜன்னல் பேசப்படுது, அந்தக் கட்டடத்துல கழிவறையும் இருந்ததால ரெண்டும் கலந்து சொல்றாங்க. எப்படிப் பாத்தாலும் பிரச்சனை ஒண்ணுதான், கோட்டைச் சுவர்ல பின்னாடி சேத்த ஒரு திறப்பு.

உள்கோட்டைச் சுவரை எல்லாரும் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுவாங்க, அங்கதான் நின்னு பாக்கணும். நேர்ச் சுவரே கிடையாது, அரைவட்டம் அரைவட்டமா ஒட்டி வெச்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். கவண் பொறில வீசற கல்லு நேர்ச் சுவர்ல பட்டா முழு வேகமும் அதுல இறங்கும், வளைவுல பட்டா சறுக்கிடும். அதோட சுவருக்கு நேர் கீழ ஒளிஞ்சுக்க இடமும் குறையும், பக்கத்து வளைவுலேருந்து அம்பு விடலாம். தோஞ்சோனும் அப்படித்தான், உள்பக்கம் வட்டம், எதிரி வர்ற பக்கம் மட்டும் கப்பல் முனை மாதிரி கூரா இருக்கும். 1190கள்ல பிரான்ஸ்ல இப்படி யோசிச்சுக் கட்டினது ரொம்பக் குறைவு. கல்லை மிச்சம் வெச்சுட்டுப் போயிருந்தா இன்னும் தெரிஞ்சிருக்கும், 1599ல பிரெஞ்சு ராஜா நாலாம் ஹென்றி இடிக்கச் சொல்லிட்டாரு, பக்கத்து மடத்துல இருந்த துறவிங்க கல்லை எடுத்துத் தங்கள் கட்டடத்துக்குப் போட்டுக்கிட்டாங்க. 1862லதான் பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்க.

அம்மாவுக்கு வான்சேன் கோட்டை. மெட்ரோ லைன் 1, கடைசி ஸ்டேஷன், வெளிய வந்தா எதிர்லயே வாசல். தோஞ்சோன் உயரம் 52 மீட்டர், இன்னும் முழுசா நிக்குது, 14ஆம் நூற்றாண்டு, ஐந்தாம் சார்ல்ஸ் காலத்துல முடிஞ்சது. உள்ள போகப் படி உண்டு, ஆனா முற்றத்துல பெஞ்சுல உக்காந்தே கோபுரத்தையும் எதிர்ல இருக்கற சேப்பலையும் பாக்கலாம், முற்றத்துக்கு டிக்கெட் இல்ல, பையனுக்கு உள்ளயும் இலவசம். இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி 1422ல இங்கதான் செத்தாரு. பின்னாடி சிறையா ஆச்சு, 1749ல பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ இங்க கிடந்தாரு.

பையன் கோட்டை எப்படிக் கட்டினாங்கன்னு கேக்க ஆரம்பிச்சா கெதலோன் கூட்டிட்டுப் போங்க, பர்கண்டில இருக்கு. 1997ல ஆரம்பிச்சு, 13ஆம் நூற்றாண்டு முறையில, கிரேன் இல்லாம மெஷின் இல்லாம ஒரு புதுக் கோட்டையே கட்டிட்டு இருக்காங்க. கல் அங்கயே வெட்டறாங்க, மரம் பக்கத்துக் காட்டுலேருந்து. ரெண்டு பேர் பெரிய மரச் சக்கரத்துக்குள்ள நடந்துதான் கல்லை மேல தூக்குவாங்க. நான் ஒரு நாள் முழுக்க நின்னு பாத்தேன். ஒரு கொத்தனார் ஒரே கல்லை எத்தனை தடவை திருப்பித் திருப்பி வெச்சுப் பாக்கறாருன்னு பாத்தப்புறம், ஷாத்தோ கயாரை ரெண்டு வருஷத்துல கட்டினாங்கங்கறது என்னன்னு எனக்கு உறைச்சுது.

சாரல்:

போயிட்டு வந்துட்டோம், எழுத ஒரு வாரம் ஆயிடுச்சு.

மேல கார் பார்க்லயே ஆரம்பிச்சோம். நான் கதையைச் சொல்லலாம்னு பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன், பாதிலயே அப்பா கையைக் காட்டி நிறுத்தி, "நாம இப்ப உழிஞைப் பக்கம் நிக்கறோம், அங்க நொச்சி"ன்னாரு. கோட்டையை வளைக்கறவனுக்கு ஒரு பூ, காக்கறவனுக்கு ஒரு பூன்னு பேரனுக்கு விளக்கிட்டே இறங்கினாரு, அதுக்கப்புறம் அவன் வழி முழுக்க "தாத்தா இப்ப நாம எந்தப் பூ?"ன்னு கேட்டுட்டே வந்தான். அகழிப் பாறையை நகத்தால கீறினான், வெள்ளையா உதிர்ந்துச்சு, மதிலோரம் சொன்ன மாதிரியே. பாறைப் பாலத்துக்குக் கீழ இறங்கிப் பாக்கணும்னு அடம் பிடிச்சான், மேலேருந்தே காட்டிட்டேன். வளைஞ்ச சுவர்ல கையை வெச்சுக்கிட்டே போகமுடிஞ்ச வரைக்கும் போனான்.

அம்மா மேலயே இருந்தாங்க. எங்களைக் காணோம்னு பாத்துட்டே இருந்தப்ப பக்கத்துல ஒரு பிரெஞ்சு அம்மா வந்து பேச்சுக் கொடுத்தாங்களாம், பாஷை தெரியாமலே ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசியிருக்காங்க.

திரும்பி ஏறறப்ப வடலி சொன்ன சனங்களைப் பத்தி அப்பாகிட்ட சொன்னேன். அவர் அந்தச் சரிவைப் பாத்துட்டு நின்னாரு. அவங்களுக்கு நம்ம இலக்கணத்துல என்ன பூன்னு பையன் கேட்டான். அப்பா யோசிச்சுட்டு, அவங்களுக்குத் திணை எதுவும் வெக்கலடா கண்ணான்னு சொல்லிட்டு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

வடலி, உங்க அம்மாகிட்ட நாங்க போயிட்டு வந்தோம்னு சொல்லுங்க. கல்லுளி, அக்டோபர் லீவுல கெதலோன் போறதா இருக்கோம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட்டம் அதிகமா இருக்குமா, காலைல எத்தனை மணிக்குப் போனா அந்தச் சக்கரம் ஓடறதைப் பாக்கலாம்?